ஆன்டி டி.பி.ஓ. 640 இருந்தது, இப்போது 910. நோய் முற்றுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 32. தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அசதியும் முடி கொட்டுவதும் தாங்க முடியாமல் ஆறு மாதத்துக்கு முன்பு ரத்தம் கொடுத்துத் தைராய்டு பரிசோதனை செய்து பார்த்தேன். டி.எஸ்.எச். 5.8, ஃப்ரீ டி4 சரியான அளவு, ஆன்டி டி.பி.ஓ. 640. போன வாரம் நாகர்கோவிலில் வேறு லேபில் பார்த்தால் டி.எஸ்.எச். 5.2, ஆன்டி டி.பி.ஓ. 910. தைராய்டு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. முடிக்குப் பயோட்டின் மட்டும் நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) தொடவே கூடாது என்கிறார் மாமியார். இரண்டாவது குழந்தைக்கும் ஆசைப்படுகிறோம். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, நோய் முற்றிவிட்டதாக இந்த 910-ஐ வைத்துச் சொல்ல முடியாது. இதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் ஆன்டி டி.பி.ஓ.வின் இயல்பு அளவு 9-க்குக் கீழ் என்று இருக்கிறது. இரண்டாவதில் 34-க்குக் கீழ். இயந்திரமும் ரசாயனமும் மாறினால் எண்ணும் மாறும். ஒன்று படியில் அளந்தது, இன்னொன்று நாழியில் அளந்தது. இரண்டையும் கழித்துப் பார்த்துக் கவலைப்படுவதில் பொருளில்லை.

ஃப்ரீ டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன். டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு தளர்ந்தால் இது கூடும். டி.பி.ஓ. என்பது தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யப் பயன்படுத்தும் ஒரு நொதி. நம் எதிர்ப்பு சக்தி அதையே எதிரி என்று நினைத்துத் தாக்கும்போது ஆன்டி டி.பி.ஓ. என்ற இந்த ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் தெரியும். 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் இதுதான். அந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆன்டி டி.பி.ஓ. கூடுதலாக இருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இருக்கும். ஆகவே டி.எஸ்.எச். ஏன் கூடுகிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்ள இந்தப் பரிசோதனை போதும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்.தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன்டி டி.பி.ஓ. பார்த்துப் பணத்தைக் கரைப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது உங்கள் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கான மாத்திரைகள் சிலவற்றில் 10,000 இருக்கிறது. பல லேப் இயந்திரங்கள் பயோட்டினையே பசை போலப் பயன்படுத்தி ஹார்மோனைப் பிடிப்பவை. ரத்தத்தில் அது மிகுந்தால் கணக்கு தவறும்: டி.எஸ்.எச். குறைவாகவும், ஃப்ரீ டி4 கூடுதலாகவும், சில இயந்திரங்களில் ஆன்டிபாடியும் கூடுதலாகவும் காட்டும். ஒருமுறை ஒரு கல்லூரி மாணவி, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட்டோடு வந்தாள். அதிகமாகச் சுரந்தால் நாடி வேகமாகும், விரல் நடுங்கும். அவளுக்கு நாடி 72. கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தேன், தாள் ஆடவில்லை. கைப்பையிலிருந்து முடி மாத்திரை டப்பா வந்தது. அதை நிறுத்திவிட்டு எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. உங்கள் டி.எஸ்.எச். 5.8-லிருந்து 5.2-க்கு இறங்கியதையும் இதனாலேயே நான் நம்பத் தயாராக இல்லை.

இன்றே பயோட்டினை நிறுத்துங்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு காலையில், முதலில் பார்த்த அதே லேபில், டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி4-ம் மட்டும் பாருங்கள். சாதாரணமாக டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்ப்போம். நீங்கள் குழந்தைக்கு ஆசைப்படுவதால் கணக்கு வேறு. ஆன்டிபாடி இருந்து, டி.எஸ்.எச்.சும் லேபின் உச்ச அளவைத் தாண்டியிருந்தால், குறைந்த அளவு லெவோதைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தொடங்கி, 2.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பதே நல்லது என்பது என் கருத்து. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாயா. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். டி.எஸ்.எச். சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்தால் இந்த மாத்திரையால் பயனில்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

கிழங்கு விஷயம். மரச்சீனியில் உள்ள சயனைடு சேர்மம் உடலில் தயோசயனேட்டாக மாறி, அயோடின் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில் அதுவே கழுத்துக் கழலைக்குக் காரணமாகலாம். உங்களுக்கு வந்திருப்பது எதிர்ப்பு சக்தியின் கோளாறு. கிழங்கு அதை உண்டாக்கவில்லை. நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மீன்கறியோடு தாராளமாகச் சாப்பிடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். உப்பளத்துக் கல்லுப்பு மட்டும் போடும் வீடென்றால் மாற்றுங்கள். அயோடின் மாத்திரையோ கடற்பாசி மாத்திரையோ வேண்டாம், கூடிப்போனால் இந்த நோய் இன்னும் கிளறும்.

மாதவிடாய் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால் மறுநாளே டி.எஸ்.எச். பாருங்கள், பாதிக் கர்ப்பகாலம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை. பிரசவம் ஆன பிறகும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி உள்ள தாய்மாருக்கு அப்போதுதான் தைராய்டு திடீரென்று ஏறி இறங்கும். படபடப்பையும் அசதியையும் பிள்ளை தூங்கவிடாததால் வந்தது என்று நினைத்து அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.