ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் காரணமா?

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு வயது 19. வயிற்றில் நீர் கோத்ததால் கோயம்புத்தூரில் திசுப் பரிசோதனை செய்ததில் மீசோதீலியோமா என்கிறார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் வளர்ந்ததுதான் காரணமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மீசோதீலியோமா என்பது நுரையீரல், வயிறு ஆகியவற்றின் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். பெரியவர்களுக்கு இந்நோய் வர ஆஸ்பெஸ்டாஸ் தூசியே முதன்மைக் காரணம் என்றாலும், அத்தூசி உடலுக்குள் சென்று புற்றாக மாறப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆவதால், இந்த வயதில் கூரையைக் குற்றம் சொல்வது பொருந்தாது, அண்ணன் மனம் குமைய வேண்டியதில்லை. இளையோருக்கு இது மிக அரிது. சிலரிடம் பிறவியிலேயே அமைந்த பிஏபி1 மரபணு மாற்றமோ, முன்பு வேறு புற்றுக்காகப் பெற்ற கதிர்வீச்சோ காரணமாகிறது. பலரிடம் காரணமே புலப்படுவதில்லை. பிஏபி1 மாற்றம் உள்ள குடும்பங்களில் கண் மெலனோமா என்னும் கண் புற்றும் சிறுநீரகப் புற்றும் வரக்கூடும். ஆகவே குடும்பத்தில் எவருக்கேனும் இவை இருந்ததா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

அரிய நோய் என்பதால், திசுக் கண்ணாடித் தகடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரும் பார்ப்பது நல்லது. ஏஎல்கே மரபணு மாற்றம் உள்ளதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். இளையோர் சிலரிடம் அது காணப்படுகிறது, அதற்கென மாத்திரைகளும் உண்டு. வயிற்று உறையில் வரும் இந்நோயில், தகுதியுள்ளவர்களுக்குக் கட்டிகளை அகற்றிவிட்டு, சூடாக்கிய புற்றுநோய் மருந்தை அறுவை மேசையிலேயே வயிற்றுக்குள் சுழலவிடும் சிகிச்சை பலனளிக்கிறது.

கூரையைப் பொறுத்தவரை, காற்றுக் காலத்தில் உடைந்த தகடுகளை நனைக்காமல் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம்.