பெரிய டேட்டாபேஸில் எல்லோருடைய லாகின் ஐடியையும் ஒரே ஸ்கிரிப்டில் மாற்றிவிடலாமா?

ஊழியர்கள் எல்லோருக்கும் புது லாகின் ஐடி வருகிறது, பழைய ஐடி நூற்றுக்கணக்கான டேபிள்களில் கிடக்கிறது, ஒரே அப்டேட் ஸ்கிரிப்ட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் அந்த டேபிள்களைத் திறந்து பாருங்கள். ஆளைக் குறிக்க மாறாத ஒரு எண் இருந்து, லாகின் ஐடி பயனர் டேபிளில் மட்டும் இருந்தால் வேலை சுலபம், அங்கே மாற்றினால் முடிந்தது. விண்டோஸ் நெட்வொர்க்கில் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பெயரை மாற்றினாலும் ஒருவரின் அனுமதிகள் அப்படியே இருப்பது இதனால்தான், உள்ளே எஸ்ஐடி என்கிற அடையாளம் மாறுவதில்லை. உங்கள் டேபிள்களில் ஆளைக் குறிக்கும் சாவியாக லாகின் ஐடியே இருந்தால்தான் கஷ்டம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய ஐடி, புது ஐடி என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அதை வரி வரியாக லூப்பில் ஓட்டினோம். ஒருவருக்குக் கொடுத்த புது ஐடி, பட்டியலில் கீழே இருந்த இன்னொருவரின் பழைய ஐடி. முதல் ஆளின் ரெக்கார்டுகள் அந்த ஐடிக்குப் போயின, அப்புறம் இரண்டாவது ஆளின் வரி ஓடியதும் இரண்டு பேருடையதும் சேர்ந்து மூன்றாவது ஐடிக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு எது யாருடையது என்று அந்த டேபிளைப் பார்த்து சொல்லவே முடியாது. பேக்கப்பை வேறொரு இடத்தில் ஏற்றி, பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனியாக உள்ள அடையாளம், அதை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுத்தான் மீட்டோம்.

அதனால் லூப் வேண்டாம். பட்டியலை ஒரு மேப்பிங் டேபிளாக்கி, ஒவ்வொரு டேபிளையும் பழைய ஐடியை வைத்து அதோடு ஜாயின் செய்து (இணைத்து) ஒரே அப்டேட்டில் மாற்றுங்கள், அப்போது ஒரு வரி ஒரு முறைதான் மாறும். டேபிள் பெரிதாக இருந்து துண்டு துண்டாக ஓட்ட வேண்டியிருந்தால் பிரைமரி கீ வரம்பை வைத்துப் பிரியுங்கள், எதுவரை முடிந்தது என்று எழுதி வையுங்கள். பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் மேலே சொன்னதேதான் நடக்கும்.

ஃபாரின் கீ என்றால் ஒரு டேபிளில் உள்ள மதிப்பு இன்னொரு டேபிளின் சாவியைக் காட்டும் இணைப்பு. அந்தச் சாவி மாறினால் காட்டும் இடங்களிலும் தானாக மாற்றும் ஆன் அப்டேட் கேஸ்கேடை நம்பி இருக்காதீர்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில் அது கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரில் உண்டு, ஆனால் ஒரே டேபிளில் கிரியேட்டட்_பை (உருவாக்கியவர்), மாடிஃபைடு_பை (மாற்றியவர்) இரண்டும் பயனர் டேபிளைக் காட்டினால் இரண்டிலும் கேஸ்கேட் வைக்க விடாது. அதோடு, ஃபாரின் கீயே இல்லாமல் வெறும் எழுத்தாக ஐடி கிடக்கும் காலம்கள்தான் (டேபிளின் நெடுவரிசைகள்) அதிகம் இருக்கும். காலம் பெயரை வைத்து மட்டும் தேடாமல், எழுத்து வகைக் காலம்கள் எல்லாவற்றிலும் பழைய ஐடிகள் இருக்கிறதா என்று மதிப்பை வைத்தே தேடுங்கள். ஒப்புதல் தருபவர்களைக் கமா போட்டு சேர்த்து வைத்த காலம், பல தகவல்களை ஒரே எழுத்துத் தொகுப்பாக வைக்கும் ஜேசன் எல்லாம் அப்போதும் சிக்காது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

காலம் அகலத்தையும் பாருங்கள். புது ஐடி மின்னஞ்சல் முகவரியாக இருந்தால், 20 எழுத்துக்கு அமைத்த காலமில் பலருடையது அடங்காது. வரி மாறும்போதெல்லாம் தானாக ஓடி, கடைசியாக மாற்றிய தேதியைப் போடும் டிரிகர்களை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் எல்லா ரெக்கார்டும் அன்றைக்கு மாறியதாகக் காட்டும்.

யார் எப்போது என்ன செய்தார் என்று பதிந்து வைக்கும் ஆடிட் டேபிள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அன்று எந்த ஐடியில் நடந்ததோ அது அப்படியே இருக்கட்டும், எந்தத் தேதி வரை எந்த ஐடி யாருடையது என்று மேப்பிங் டேபிளில் இருந்தால் பின்னாளில் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். பழைய ஐடிகளை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு டேபிளிலும் ஒவ்வொரு ஐடிக்கும் எத்தனை வரிகள் என்று எண்ணி வைத்துவிட்டு, முடிந்ததும் புது ஐடிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு பேரின் எண்ணிக்கை ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நாங்கள் அதை முதலிலேயே செய்திருந்தால், பயனர்கள் புகார் சொல்லும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.