எழுதுவது வலதுகை, எறிவது இடதுகை

வணக்கம்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. "எந்தக் கைப் பழக்கம்?" என்று கேட்டபோது அம்மா "வலது" என்றார். எழுதுவதும் சாப்பிடுவதும் வலதுகையில்தான். ஆனால் சுத்தியல் பிடிப்பதும் கல்லெறிவதும் இடதுகை. இதைச் சொல்லாததால் பலன் குறையுமா?

செ.

அன்புள்ள செ.,

குறையாது. ஆனாலும் அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுங்கள்.

இடப்பக்க மூளையில் வைக்கும் மின்முனை வலப்பக்க உடலுக்கு வேலை செய்யும், வலப்பக்கத்தது இடப்பக்கத்துக்கு. கைப்பழக்கம் இதை மாற்றாது. மின்முனை பெரும்பாலும் போய்ச் சேரும் இடமான சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப்பகுதி சில மில்லிமீட்டரே நீளமுள்ளது. அதற்குள் மின்முனை எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். வெளிப்பக்கமாகச் சற்று விலகினாலும் மின்சாரம் பக்கத்து இயக்க நரம்பிழைகளுக்குப் பரவி, வாய் கோணும், கை இறுகும், பேச்சு குழறும்.

கைப்பழக்கம் குழப்புவது அறுவையின்போதே மின்முனையைத் தூண்டிப் பார்க்கும் சோதனையைத்தான். மயக்கம் கொடுக்காமல் செய்யும்போது, முந்தைய இரவிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோவினாடி அளவில் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தட்டச் சொல்வார்கள். நோயே இல்லாதவருக்கும் பழகிய கை வேகமாகத் தட்டும். அதனால் ஒரு கையை மறு கையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தூண்டலுக்கு முன் அதே கை எப்படி இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும். என் கருத்தில் அந்த மேசையில் அதிகம் நம்பத்தக்கது மணிக்கட்டு விறைப்பு. மருத்துவரே அசைத்துப் பார்ப்பது, நோயாளியின் பழக்கமோ களைப்போ அதில் சேராது. சரியான இடத்தில் சில வினாடிகளிலேயே தளரும். விரல் வேகம் மெதுவாகத்தான் கூடும்.

தூண்டாமலே, மின்முனை நுழைந்ததாலேயே விறைப்பு குறைந்து கை லேசாவதும் உண்டு. அது சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும், பயப்பட வேண்டாம்.

கைப்பழக்கத்தைக் கேட்பதற்குப் பேச்சும் காரணம். வலதுகைக்காரர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு மொழி இடப்பக்க மூளையில். இடதுகைக்காரர்களில் சுமார் 70 சதவீதம். சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சொற்கள் சட்டென்று வராது. முன்னும் பின்னும் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கைப்பழக்கத்தை அளக்க 1971இல் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ கேள்விப் பட்டியல் 10 செயல்களைக் கேட்கிறது. எழுதுவதும் கரண்டி பிடிப்பதும் அதில் உண்டு. சோற்றுக்கை என்று ஒன்றை ஒதுக்கி, இடதுகையில் பென்சில் பிடித்தால் அடித்து மாற்றிய ஊரில் இந்த இரண்டும் எதையும் காட்டாது. கல்லெறிவது, கத்தரிக்கோல், கத்தி, பல் துலக்குவது, தீக்குச்சி உரசுவது, துடைப்பத்தில் மேலே இருக்கும் கை ஆகியவற்றைக் கவனித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதலில் நடுங்கத் தொடங்கியது எந்தக் கை என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.