ஏற்காட்டில் எங்கள் மன்றத்துப் பசங்களுக்கு ஓவர்டோஸ் முதலுதவிப் பயிற்சி வைக்கப்போகிறோம். எதைச் சொல்லித் தரலாம்?

முதலில் மூச்சுக் கொடுக்கச் சொல்லித் தாருங்கள். முறிமருந்து ஊசி அப்புறம். ஓபியாய்டு என்னும் அபின் வகை மருந்து, மாத்திரையோ ஊசியோ, ஆளைக் கொல்வது மூச்சை அடக்கித்தான். ஆக்சிஜன் இல்லாமல் மூளை நாலைந்து நிமிடம் தாங்கும். 108 வண்டி ஏற்காட்டிலேயே நின்றாலும் எஸ்டேட் பாதையில் உள்ளே வந்து, ஆளை ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகவேண்டும்.

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான், எழுப்பாதே" என்று விட்டுவிடுவதில்தான் பல உயிர் போகிறது. அறிகுறிகள் இவை: கரகரவென்ற குறட்டை, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைந்த மூச்சு, கடுகாகச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு. கறுத்த மேனி என்றால் நகக்கண்ணையும் ஈறையும் பாருங்கள். மடக்கிய விரல் முட்டிகளால் நெஞ்செலும்பை அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லையா, உடனே 108.

மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு. நெஞ்சு எழும்பாவிட்டால் பெரும்பாலும் தலை போதுமான அளவு சாயவில்லை, அல்லது வாயில் வாந்தி நிற்கிறது. மூச்சும் துடிப்பும் நின்றுவிட்டால் 30 அழுத்தம், 2 மூச்சு. உப்புத்தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

ஓபியாய்டை முறிக்கும் மருந்து நலோக்சோன். 1 மி.லி. ஆம்பியூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 0.4 மி.கி. இருக்கும். டாக்டர் சீட்டு வேண்டும், ஆகவே ஒரு டாக்டரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆம்பியூல் கழுத்து நொறுங்கி விரல் கிழியும். தட்டி மருந்தைக் கீழே இறக்கி, துணி சுற்றி ஒடிக்க வேண்டும். தண்ணீர் ஆம்பியூலும் ஆரஞ்சுப் பழமும் வைத்து ஆளுக்கு ஐந்து முறையாவது பழகட்டும். ஊசி போடுவது தொடையின் வெளிப்பக்கம், தசையில், செங்குத்தாக. மூச்சுக் கொடுத்துக்கொண்டே மூன்று நிமிடம் பார்த்து, மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்று. சாராயமோ தூக்க மாத்திரையோ கலந்திருந்தால் அந்த மயக்கத்தை இது எடுக்காது, ஆனாலும் போடலாம், கெடுதல் இல்லை.

எழுந்ததும் "சரியாயிட்டேன்" என்று கிளம்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும், உள்ளே போன மருந்து அதற்கு மேலும் நிற்கும், மூச்சு மறுபடி அடங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வரை கூடவே போங்கள்.

இதைச் சொல்லித் தந்தால் பசங்களுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்பார்கள். தீயணைக்கப் பழகுவதால் யாரும் வீட்டைக் கொளுத்துவதில்லை. எனக்கு ஆற்றாமை வேறு: முதலுதவி வகுப்பு என்று கூட்டி, பேனர் கட்டிப் போட்டோ எடுப்பதிலேயே பாதி நேரத்தைக் கரைத்து, மூச்சு ஊதிப் பழகும் பொம்மையை ஒருவரும் தொடாமல் அனுப்பிவிடுகிறார்கள். பொம்மை ஒன்றே ஒன்று கிடைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொருவரும் நெஞ்சு எழும்பும்வரை ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகட்டும்.