கேளுங்கள், சொல்கிறேன்: கத்தோலிக்கக் கல்லூரியும் பல்கலைக்கழகப் பட்டமும்

(உயர்கல்வி பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, ஒன்ராறியோப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் மகளுக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வந்த கடிதத்தில் ‘செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரி’ என்று போட்டிருக்கிறார்கள். விசாரித்தால், அது வேதக்காரர்களின், அதாவது கத்தோலிக்கரின், கல்லூரி என்கிறார்கள். நாங்கள் சைவர்கள். பிள்ளைக்குக் கிடைக்கப்போவது பல்கலைக்கழகத்தின் பட்டமா, கல்லூரியின் பட்டமா? சமயம் மாற்றிவிடுவார்களோ என்று அவளுடைய அம்மம்மா நித்திரை இல்லாமல் இருக்கிறார். வேறு கல்லூரிக்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: உங்கள் மகள் பெறப்போவது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பட்டம். அதில் உங்களுக்கு எள்ளளவு சந்தேகமும் வேண்டாம். செயின்ட் ஜோர்ஜ் வளாகத்தில் கலை, அறிவியல் பீடத்தில் இளங்கலைப் படிப்புக்குச் சேரும் ஒவ்வொரு மாணவரும் ஏழு கல்லூரிகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருப்பார். அவற்றில் நான்கு, பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள். விக்டோரியா, டிரினிற்றி, செயின்ட் மைக்கேல்ஸ் ஆகிய மூன்றும் கூட்டிணைந்த கல்லூரிகள். தமக்கென்று ஆட்சிச் சபையும் சொத்தும் வரலாறும் உடையவை. எந்தக் கல்லூரிப் பிள்ளையானாலும் அதே உயிரியல் விரிவுரை, அதே பொருளியல் பரீட்சை, அதே பட்டமளிப்பு மண்டபம். கல்லூரி தருவது பதிவாளர் அலுவலகம், பாட ஆலோசனை, விடுதி, உதவிப் பணம், இவற்றோடு சில சிறப்புப் பாடநெறிகள்.

இனி அம்மம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகள் ஆங்கிலத்தோடு சமயத்தையும் சேர்த்தே கொடுத்தன. அதைக் கண்டுதான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நம் வீடுகளில் அந்த நினைவு இன்னும் இருக்கிறது. இருப்பதில் தவறும் இல்லை.

ஆனால் அம்மம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு கதை உண்டு. செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரி பிறந்ததே இதே பயத்தால்தான். அப்போது பயந்தவர்கள் கத்தோலிக்கர்கள். 1850களின் ரொறன்ரோ புரட்டஸ்தாந்து நகரம். பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கரை அந்த நகரம் விரும்பவில்லை. நம் பையன்கள் இவர்களுடைய பாடசாலைகளில் படித்தால் நம் வேதத்தை விட்டுவிடுவார்களே என்று கலங்கிய ஆயர் ஷார்பொனெல், பிரான்சிலிருந்து பசிலியன் சபைக் குருமாரை வரவழைத்தார். 1852இல் கல்லூரி தொடங்கியது. ஜோன் எல்ம்ஸ்லி என்ற பணக்காரர், தாமும் கத்தோலிக்கராக மாறியவர், குளோவர் ஹில் என்ற தம் காணியில் ஒரு பங்கைக் கொடுத்தார். 1856இல் அங்கே எழும்பிய புனித பசில் தேவாலயம் இன்றும் பே வீதியருகில் நிற்கிறது. மகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்ட இடத்தில் அந்த மஞ்சள் செங்கல் கட்டடத்தைக் காண எனக்கு எப்போதும் மனம் நிறையும்.

அரசுப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. அது 1827இல் ஆங்கிலிக்கன் சபையின் பிடியில் இருந்த கிங்ஸ் கல்லூரியாகச் சாசனம் பெற்றது. 1849இல்தான் சமயச் சார்பை நீக்கி, ரொறன்ரோப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றினார்கள். சமயக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தை ஒன்ராறியோ அரசு 1868இல் நிறுத்தியது. அப்போதுதான் சிக்கல் வந்தது. இலக்கியம் கற்பிக்க ஒரு நல்ல ஆசிரியரும் புத்தகங்களும் போதும். இரசாயனத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், கருவிகள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். சிறு கல்லூரி அதற்கு எங்கே போகும்?

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாடங்களை இரண்டாகப் பிரித்தார்கள். அறிவியலும் கணிதமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மொழிகள், இலக்கியம், அறநெறி போன்றவை கல்லூரிகளின் பொறுப்பு. கத்தோலிக்கருக்கு மெய்யியலே உயிர். அதைத் தம் கல்லூரியிலேயே தம் முறைப்படி கற்பிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் எல்லோருக்கும் பொது. 1881இல் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்ட செயின்ட் மைக்கேல்ஸ், 1910இல் முழுமையான கலைக் கல்லூரியாகக் கூட்டிணைப்பில் இடம்பெற்றது. அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் அருட்தந்தை ஹென்றி கார். அடுத்த ஆண்டிலேயே, லொரெற்றோ, புனித சூசையப்பர் சபைகளின் அருட்சகோதரிகள் நடத்திய கல்லூரிகள் வழியாகப் பெண்களும் இந்தப் பட்டத்துக்குப் படிக்க வந்தார்கள். உங்கள் மகள் உள்ளே போகும்போது அந்தச் சகோதரிகளையும் நினைத்துக்கொள்ளட்டும்.

பாடங்களைப் பிரித்த அந்த ஏற்பாடு 1970களின் நடுப்பகுதியோடு முடிந்தது. கல்லூரித் துறைகள் பல்கலைக்கழகத் துறைகளோடு சேர்ந்துவிட்டன. ஆகவே இன்று உங்கள் மகள் உளவியல் படித்தால் அதை உளவியல் துறைதான் கற்பிக்கும். திருப்பலிக்குப் போகும்படி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சேரும்போது சமயத்தைப் பார்த்து இடம் கொடுப்பதும் இல்லை. அங்கே முஸ்லிம் பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள், எந்தச் சமயமும் வேண்டாம் என்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள்.

சமயமே அங்கு இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. சிலுவை சுவரில் இருக்கும். தேவாலய மணி கேட்கும். ‘கிறிஸ்தவமும் பண்பாடும்’ என்று ஒரு பாடநெறியே இருக்கிறது. மத்தியகால ஆய்வு, கெல்டிக் ஆய்வு, நூலும் ஊடகமும் பற்றிய பாடநெறி என்பவையும் இந்தக் கல்லூரியின் பெயர் சொல்பவை. எத்தியேன் கில்சொன் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் 1929இல் இங்கே மத்தியகால ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். பத்தாண்டுகளில் அது பாப்பரசரின் சாசனத்தையும் பெற்றது. மார்ஷல் மக்லூகன் 1946இலிருந்து இங்கேதான் ஆங்கிலம் கற்பித்தார். தொலைக்காட்சியும் விளம்பரமும் மனிதனை என்ன செய்கின்றன என்று உலகம் யோசிக்கத் தொடங்குமுன் யோசித்தவர் அவர். நாள் தவறாமல் திருப்பலிக்குப் போன கத்தோலிக்கரும் அவரே. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்திருந்தன என்று உங்கள் மகள் தேடிப் படித்தால், அது அவளுடைய சைவத்தைக் குறைக்காது. அப்பரையும் மாணிக்கவாசகரையும் இன்னும் கூர்மையாகப் படிக்கவே அது உதவும் என்று நம்புகிறேன். நானும் யாழ்ப்பாணத்தில் கொன்வென்டில் படித்தவள். திருநீறு பூசிக்கொண்டுதான் போனேன்.

கல்லூரி மாற்றம் கேட்க வழி இருக்கிறது, எளிதில் கிடைக்காது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுதுவது மாணவர்தான். உங்கள் மகள் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரியை எத்தனையாவதாக எழுதினாள்? உங்கள் நீண்ட கடிதத்தில் அவளுடைய விருப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளே முதலாவதாக எழுதியிருந்தால், மாற்றம் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை அம்மா.

கேள்வி: சென்னையில் லயோலாக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகமும் இருப்பதைப் போன்ற ஏற்பாடுதானே இது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது என்ற அளவில் ஒற்றுமை உண்டு. மற்றவற்றில் இல்லை. 1925இல் இயேசு சபையினர் நிறுவிய லயோலா, பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி. 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரி. தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தன் மாணவர்களுக்குத் தானே தேர்வு வைக்கிறது. லயோலா மாணவர் காலையில் ஒரு வகுப்பை அங்கேயும் பிற்பகலில் இன்னொன்றைப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாது. இங்கே முடியும். ஒரே வளாகம், பொதுவான பாடப்பட்டியல், பொதுவான நூலக வசதி. கத்தோலிக்கக் கல்லூரியின் மத்தியகால வகுப்பில் எந்தக் கல்லூரிப் பிள்ளையும் உட்காரலாம். தெருவைக் கடந்தால் இன்னொரு வகுப்பு.

கேள்வி: சட்பரியில் ஒரு கத்தோலிக்கக் கல்விநிறுவனத்தைக் கூட்டிணைப்பிலிருந்து வெளியேற்றினார்கள் என்று செய்திகளில் படித்தேன். அப்படியானால் இந்த ஏற்பாட்டை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா?
– ஒரு தந்தை, ஏஜக்ஸ்

பதில்: சரியான கேள்வி. இதைக் கேட்டதற்கு நன்றி. நீங்கள் சொல்வது சட்பரிப் பல்கலைக்கழகம். 1913இல் இயேசு சபையினர் தொடங்கிய கல்லூரி அது. 1960இல் லோறன்சியன் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் தூண்களில் ஒன்றாக இருந்தது. கனடாவில் பூர்வகுடிகள் பற்றிய பாடநெறியை முதலில் தொடங்கிய நிறுவனங்களிலும் ஒன்று. 2021 பெப்ரவரி 1ஆம் திகதி லோறன்சியன் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. இரண்டு மாதங்களில், கூட்டிணைந்த மூன்று நிறுவனங்களோடும் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் முறிவு நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய திருச்சபை என்ற வேறுபாடே பார்க்கவில்லை. இதற்குச் சமயம் காரணம் அல்ல, பணம்தான் காரணம். கூட்டிணைந்த நிறுவனங்களின் வகுப்புகளுக்காகக் கொடுத்த கட்டணப் பங்கைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்தது.

அறுபது ஆண்டு உறவை அவ்வளவு விரைவாக அறுத்தது கொடுமை என்பதே என் எண்ணம். பூர்வகுடி மொழியையும் பண்பாட்டையும் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். எனினும் பட்டம் கொடுப்பது பெரிய பல்கலைக்கழகம் என்பதால், பிள்ளை பெற்ற புள்ளிகளும் முடித்த பாடங்களும் அழிந்துவிடவில்லை. ஆபத்து இருப்பது சிறு கல்லூரி மட்டுமே கற்பிக்கும் பாடநெறியில்தான். உங்கள் பிள்ளை அத்தகைய பாடநெறியை முதன்மையாக எடுக்க விரும்பினால், கல்லூரி மாணவரில்லாமல் தவிக்கிறதா, எத்தனை நிரந்தர விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், பாடநெறி மூடப்பட்டால் சேர்ந்தவர்களை முடிக்க விடுவார்களா என்று நேரே பதிவாளரிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவள்; பெற்றோர் இப்படிக் கேட்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: எனக்கு வாட்டர்லூவில் பொறியியல் இடம். செயின்ட் ஜெரோம்ஸ் விடுதியில் அறை எடுக்கலாம் என்கிறார்கள். நான் கத்தோலிக்கன் இல்லை. கலைப் பாடமும் படிக்கவில்லை. போகலாமா?
– ஒரு மாணவர், மார்க்கம்

பதில்: தாராளமாகப் போகலாம், தம்பி. 1865இல் ஒரு மரக்குற்றி வீட்டில் தொடங்கிய கல்லூரி அது. உங்கள் பல்கலைக்கழகத்தைவிட ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்தது. 1960இல் வாட்டர்லூவோடு கூட்டிணைந்தது. விடுதி எந்தப் பீடத்து மாணவருக்கும், எந்தச் சமயத்தவருக்கும் திறந்திருக்கிறது. சிறிய விடுதி என்பதால் முதலாம் ஆண்டிலேயே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிற பழக்கம் வந்துவிடும். பொறியியலின் முதல் தவணை பிள்ளைகளை எப்படிப் பிழிகிறது என்று அறிந்தவள் என்ற முறையில், அது உங்களுக்கு வேண்டும் என்று சொல்வேன். இடம் இருந்தால் விருப்பப் பாடமாக அவர்களுடைய மெய்யியல் வகுப்பு ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். சைவ உணவு கிடைக்குமா, படிப்பின் பகுதியாக வேலை செய்யும் தவணைக்கு வெளியூர் போகும்போது அறைக்கு என்ன ஏற்பாடு என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.