காரின் எச்சரிக்கை விளக்குகள்: வாங்குவோர் கேள்வி-பதில்

பெங்களூரு வாசகர்களின் கடிதங்களில் இம்முறை பெரும்பாலானவை காரின் டாஷ்போர்டில் எரியும் விளக்குகளைப் பற்றியே வந்திருக்கின்றன. அவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஓசூர் சாலையில் உள்ள பழைய கார் கடை ஒன்றில் 4.60 லட்சம் ரூபாய்க்கு பெட்ரோல் கார் வாங்கினேன். நான்காம் நாளே எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. கடைக்காரர், "பெட்ரோல் சரியில்லை, வேறு பங்கில் போடுங்கள்" என்கிறார். மெக்கானிக்கோ, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்கிறார். யாரை நம்புவது? (காமனஹள்ளி வாசகர்)

பதில்: கோளாறை மறைத்து உங்களிடம் விற்றிருக்கிறார்கள் என்றே சந்தேகிக்கிறேன். எஞ்சின் விளக்கு எரியும்போது காரின் கணினி அந்தக் கோளாறுக்குரிய குறியீடு ஒன்றைப் பதிந்து வைக்கிறது; மெக்கானிக்குகள் அதைக் 'கோடு' (code) என்பார்கள். விற்பதற்கு முன், காரின் கணினியோடு இணைத்துக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால் அதை அழித்துவிட்டால் விளக்கு உடனே அணைந்துவிடும். ஆனால் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். கோடு அழிந்ததும் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். கன்வெர்ட்டர் சோதனை முடியச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். அது முடிந்து, அடுத்தடுத்த ஓட்டங்களில் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கு மீண்டும் எரியும். நான்கு நாள் இடைவெளிக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

அந்தக் கோட்டை யாரும் அழிப்பதற்கு முன், ஸ்கேனரில் தெரிவதை அச்சிட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டர் கோளாறு என்றால் பெரும்பாலும் பி0420 என்ற கோடு இருக்கும். பெரும்பாலான கார்களில், கடைசியாகக் கோடு அழிக்கப்பட்ட பின் கார் ஓடிய தூரத்தையும் ஸ்கேனர் காட்டும். நீங்கள் காரை எடுத்த அன்றைய ஓடோமீட்டர் அளவோடு அதை ஒப்பிட்டால், அழித்தது கடையிலா என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். விளம்பரம், வாட்ஸ்ஆப் உரையாடல், ரசீது, இந்த அச்சு ஆகியவற்றைச் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கடை வியாபாரம் என்பதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. தனி நபரிடம் வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். விளக்கு எதுவும் எரியாவிட்டால் போதும்தானே? (அல்சூர் வாசகி)

பதில்: போதாது. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பாருங்கள்: எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஏர்பேக் ஆகிய விளக்குகள் யாவும் எரிய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில நொடிகளில் தாமாகவோ, எஞ்சின் கிளம்பியதுமோ அணைய வேண்டும். மற்றவை எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். இந்தச் சோதனையில் எரியாத விளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் முன்பு ஒரு வியாபாரியிடம் வாங்கிய காரில் ஏர்பேக் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. வேறு வேலைக்காக மீட்டரைக் கழற்றியபோது, அந்த பல்பையே பிடுங்கியிருந்தது தெரிந்தது. என் குடும்பத்தினர் அந்தக் காரில்தான் மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் தணிவதில்லை. ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கோடு இணைத்து, இரண்டும் சேர்ந்து எரிந்து அணையும்படி செய்பவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வொரு விளக்கும் தன் நேரத்தில் அணைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரி தாண்டியதும் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. போன மாதம்தான் ஆயில் மாற்றினேன் என்பதால் ஓசூர் வரை ஓட்டிவந்தேன். எஞ்சின் இறுகிவிட்டது. வாரண்டி கிடைக்காது என்கிறார்கள். இது நியாயமா? (எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

பதில்: நியாயம்தான். அந்த விளக்கு காட்டுவது ஆயில் அழுத்தத்தை. ஆயில் நிரம்பியிருந்தாலும் பம்ப்போ வடிகட்டியோ கெட்டால் அழுத்தம் விழும். அழுத்தமில்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங்குகள் உரசி அழியும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு காரின் கையேட்டிலும் அச்சிட்டிருக்கிறது. பல லட்சம் கொடுத்துக் காரை வாங்கிவிட்டு அந்தக் கையேட்டின் உறையைக்கூடப் பிரிக்காதவர்களுக்காக நான் நிறுவனத்தோடு சண்டை போட முடியாது. பம்ப் தானாகவே கெட்டது என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தந்தால், பம்ப்பின் விலையையாவது கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிசம்பர் காலைகளில் டயர் காற்று விளக்கு எரிகிறது, மதியம் அணைந்துவிடுகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். (ஃபிரேசர் டவுன் வாசகர்)

பதில்: மாற்ற வேண்டாம். குளிரில் காற்றழுத்தம் குறையும். ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடையுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு "சரிசெய்துவிட்டோம்" என்கிறார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் எரிகிறது. (மர்ஃபி டவுன் வாசகி)

பதில்: 3,600 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்ததெல்லாம் விளக்கை அணைத்தது மட்டுமே. இந்த வழக்கத்தைப் பற்றிப் பல முறை எழுதிவிட்டேன். இது நிற்கும்வரை எழுதுவேன். ஸ்கேனரைச் செருகிக் கோட்டை அழிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும், அதற்குத் தொழில் அறிவு எதுவும் வேண்டியதில்லை. ஏபிஎஸ் கோளாறுகளில் பெரும்பாலானவை சக்கர வேக சென்சாரிலோ அதன் ஒயரிலோதான் வருகின்றன. எந்தச் சக்கரம் என்பதைக்கூட அந்தக் கோடே பல நேரங்களில் சொல்லிவிடும். முன் இடது சக்கரம் என்று தெரிந்தால், அங்கே சேறு படிந்திருக்கிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று காரைத் தூக்கிப் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலைக்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் கோட்டை அழிப்பவர், அடுத்த மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயத்தையும் சேர்த்தே அழிக்கிறார். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டது, மழையில் வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆட்கள் சாகக்கூடாது என்பதற்காக. நீங்கள் இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் திடீரென்று அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

அடுத்த முறை, கோட்டின் எண்ணையும் கண்டறிந்த காரணத்தையும் ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப் தரும் வேலைச் சீட்டில்) எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறிடம் போங்கள். கொடுத்த பணத்துக்கு மூன்று ரசீதுகளும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: நானே ஸ்கேனர் வாங்கிக்கொண்டால் என்ன? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே. (ஸ்ரீராம்புரம் வாசகர்)

பதில்: எஞ்சின் கோடுகளைப் படிக்க மட்டும் என்றால் வாங்கலாம். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் படிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி நான் வாங்கிய புளூடூத் கருவி எஞ்சினைத் தாண்டி எதையும் படிக்கவில்லை, விற்றவரும் திருப்பி எடுக்கவில்லை. உங்கள் கார் மாடலின் பெயரைச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள், அல்லது ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் உங்கள் காரிலேயே செருகிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி வாங்கினேன். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. அந்த வடிகட்டியையே எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். (ஹெப்பால் வாசகர்)

பதில்: எடுக்கக் கூடாது, அது மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு எதிரானது, வாரண்டியும் போய்விடும். வடிகட்டியில் சேரும் கரி எரிவதற்கு நல்ல சூடு வேண்டும், ஹெப்பால் மேம்பாலத்து நெரிசலில் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்ததும் விமான நிலையச் சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேலான சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். விளக்கை அலட்சியம் செய்து எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சர்வீஸ் சென்டர்தான் கதி. ஆறு கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு என்று வாங்கும் முன் நீங்களும் யோசிக்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை.

கேள்வி: புதிய காரில் வெப்பமானி முள்ளே இல்லை. காலையில் நீல நிற வெப்பமானி விளக்கு எரிகிறது. கோளாறா? (மைக்கோ லேஅவுட் வாசகி)

பதில்: இல்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். அது அணையும்வரை எஞ்சினை முறுக்காமல் ஓட்டுங்கள். அதே வடிவம் சிவப்பில் எரிந்தால் உடனே நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.