எட்டு என்றால் எத்தனை பிட்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் கட்டளைத் தொகுப்பில் யார் வேண்டுமானாலும் சொந்தக் கட்டளைகளைச் சேர்க்கலாமாம். ஆளுக்கொரு ரிஸ்க்-ஃபைவ் ஆகிவிடாதா? வெக்டர் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) பழக, ஆல்வின்னர் டி1 சிப் உள்ள போர்டு வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே,

வெக்டர் வரைவுகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கவலை நியாயம்தான், ஆனால் தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். விதிநூலைப் புரட்டியிருந்தால் கஸ்டம்-0, கஸ்டம்-1 என்று சொந்தக் கட்டளைகளுக்கே இடம் விட்டிருப்பது தெரிந்திருக்கும். அங்கே எதைப் போட்டாலும் பொதுக் கட்டளைகளோடு மோதாது. அதை விடுங்கள்.

வரைவு முடியுமுன் சிலிக்கானில் ஏற்றுவதுதான் வினை. டி1-க்குள் இருக்கும் செயலிக் கரு, டி-ஹெட் நிறுவனத்தின் சி906; அதில் இருப்பது வெக்டர் 0.7.1 வரைவு. 1.0 உறுதியானது 2021 இறுதியில். இரண்டும் பொதுத் தரத்துக்கென ஒதுக்கிய அதே ஓப்கோடில் (கட்டளையின் வகையைச் சொல்லும் எண்ணில்) உட்கார்ந்திருக்கின்றன.

விசெட்விஎல்ஐ கட்டளையைப் பாருங்கள். எண்ணின் அகலத்தைச் சொல்வது அதுதான். 0.7.1-இல் அகலம் இருப்பது 2 முதல் 4 வரையான பிட்களில்; 1.0-இல் 3 முதல் 5 வரை. ஒரே ஒரு பிட் நகர்வு! 32 பிட் வேண்டுமென்றால் 1.0-இல் 16 எழுத வேண்டும். அதையே டி1, 128 பிட் என்று படிக்கும். அதற்கு வசதியில்லை; அடுத்த வெக்டர் கட்டளையில் நிரல் செத்துவிழும். அதுகூடப் பரவாயில்லை, விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பிப் போடுங்கள். 0.7.1-இல் 32 பிட்டுக்கு எழுதுவது 8. 1.0 சிப் அதை 16 பிட் என்று எடுத்துக்கொள்ளும். கூட்டல் கட்டளை இரண்டிலும் ஒன்றே. நடுவில் வேறெதுவும் இடறாவிட்டால், 32 பிட் எண்ணின் கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதிக்கு ஏறவேண்டிய கேரி ஏறாது. பிழைச் செய்தியும் வராது, தப்பான விடைதான் வரும்.

இந்த 0.7.1 கருக்களும் தங்களை வெறும் 'வி' (வெக்டர் உண்டு என்பதற்கான பொதுத் தர எழுத்து) என்றே சொல்லிக்கொண்டன. அதனால் லினக்ஸ் கர்னல், டி-ஹெட் கரு என்று கண்டு அதன் ஆர்க்கிடெக்சர் எண்ணும் பூஜ்யமாக இருந்தால், அந்த 'வி'யை நம்புவதில்லை. ஜிசிசி 14 கம்பைலர் இந்த 0.7.1 வடிவத்துக்கு எக்ஸ்டிஹெட்வெக்டர் என்று தனிப்பெயர் கொடுத்தது. முதல் நாளே வைத்திருக்க வேண்டிய பெயர்!

ஆர்விஏ23, அதாவது ஒரு ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் என்னென்ன கட்டாயம் என்று சொல்லும் பட்டியல், பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் உறுதியானது, வெக்டர் அதில் கட்டாயம். உபுண்டு 25.10 அதையே குறைந்தபட்சத் தகுதியாக வைத்தது; அன்று சந்தையில் இருந்த போர்டுகளில் பெரும்பாலானவை வெளியே நின்றன.

போர்டா? வெக்டர் பழகத்தான் என்றால் டி1 வேண்டாம். ஆர்வி64ஜிசிவி (வெக்டர் சேர்ந்த 64 பிட் ரிஸ்க்-ஃபைவ்) என்று கம்பைல் செய்து, சிப்பைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருளில் வெக்டரை இயக்கி ஓட்டுங்கள். வெக்டர் பதிவக நீளத்தை ஒருமுறை 128, ஒருமுறை 256 பிட் என்று மாற்றிப் பாருங்கள். விடை மாறினால் தப்பு உங்கள் நிரலில்.